லேபிளில் இல்லாத மாஸ்டர்

பனியன் கம்பெனி வேலை தெரிந்தவர்களுக்கு இது புதுசில்லை. திருப்பூரில் தைத்த டி-ஷர்ட் ஜெர்மனியில் போய் இறங்கும். கழுத்துக்குப் பின்னால் பையரின் பெயர் பளபளக்கும். துணியை விரித்து, அளவு பார்த்து, ஒரு இஞ்ச் வீணாகாமல் வெட்டினாரே கட்டிங் மாஸ்டர், அவர் பெயர்? ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கும் இருக்காது! ஆனால், அளவில் கோளாறு என்று பீஸ் திரும்பி வந்தால் மட்டும், "எங்கய்யா அந்த மாஸ்டர்?" என்று முதலில் தேடுவது அவரைத்தான்.

கால்பந்து கோச்சும் அதே ரகம்தான். காலேஜ் டீம் ஜெயித்தால் கோல் போட்டவனைத் தோளில் தூக்குவார்கள். தோற்றால், "பி.டி. சார் என்னத்தைச் சொல்லிக் கொடுத்தாரு?"

இந்தியா கண்ட இந்த ரகத்து மாஸ்டர்களில் நம்பர் ஒன், ஹைதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம். 1909-ல் பிறந்தவர். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்தவர். தொழில், பள்ளிக்கூட வாத்தியார். மாணவர்களிடம் பிரம்பைத் தூக்குவதை விட பந்தைத் தூக்கிப் போடுவதில்தான் பலன் அதிகம் என்று நம்பிய வாத்தியார்!

ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணி அவர் கைக்கு வந்தது. 1950-லிருந்து 1954 வரை ரோவர்ஸ் கோப்பையை அந்த அணி வரிசையாக ஐந்து தடவை தட்டிக்கொண்டு வந்தது. போலீஸ் துரத்தினால் தப்ப முடியுமா, சார்?

1950-ல் இந்திய அணியும் அவரிடம் வந்தது. அடுத்த வருஷமே டெல்லி ஆசிய விளையாட்டில் ஈரானை 1-0 என்று ஜெயித்துத் தங்கம். மாலை, மேளம், ஆரவாரம்.

அதற்கடுத்த வருஷம் விழுந்தது அடி. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக். குளிரில் நம்மாட்கள் பலர் வெறுங்காலோடு இறங்கினார்கள். யூகோஸ்லாவியா 10, இந்தியா 1! நம் ஊர்க் கணக்கில் சொன்னால், முழு கன்டெய்னரும் ரிஜெக்ட்.

வேறொருவராக இருந்தால் வேலையை விட்டுவிட்டுப் போயிருப்பார். ரஹீம் பயிற்சியை மாற்றினார். வலது காலில் ஆடுகிறவன் இடது காலால் மட்டுமே ஆட வேண்டும் என்று போட்டிகள் வைத்தார். பந்தை வைத்துக்கொண்டு வித்தை காட்டக் கூடாது, உடனே அடுத்தவனுக்குத் தள்ள வேண்டும் என்றும் ஒரு போட்டி. பையன்கள் முதலில் சிரித்திருப்பார்கள். பலவீனமான காலைப் பழக்கிவிட்டால் எதிராளிக்குக் குழப்பம் என்பது அந்த வாத்தியார் கணக்கு.

ஆள் பிடிப்பதிலும் கெட்டிக்காரர். செகந்திராபாத்தில் ஏழைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த துளசிதாஸ் பலராம் என்ற பையனைக் கண்டுபிடித்தார். தினமும் பயிற்சிக்கு வரக் காசில்லை என்றான் பையன். சைக்கிளுக்கு வழி பண்ணிக் கொடுத்தார் ரஹீம். அந்த சைக்கிள் பையன் 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக் அணியில் இருந்தார்! அதே அணியில் கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ், நம் குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்துக்கு ஆடியவர்.

அந்த மெல்போர்னில்தான் ஆஸ்திரேலியாவை அவர்கள் மண்ணிலேயே 4-2 என்று சாய்த்தோம். மூன்று கோல் நெவில் டிசோசா போட்டது. ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய அணி நம்முடையது. கடைசியில் நான்காம் இடம். பத்து கோல் வாங்கி நாலே வருஷம்!

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுக்குப் போனபோது ரஹீமின் உடம்பு அரிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. நுரையீரல் புற்றுநோய். முதல் மேட்சிலேயே தென்கொரியாவிடம் 0-2 தோல்வி. பிறகு தாய்லாந்து, ஜப்பான், அரையிறுதியில் தென்வியட்நாம் என்று ஜெயித்து, ஃபைனலில் மறுபடியும் அதே கொரியா.

வெளியே வேறு கலவரம். இஸ்ரேலையும் தைவானையும் விடாத இந்தோனேசியாவை இந்திய அதிகாரி சோந்தி கண்டித்ததால், ஊர் முழுக்க நம் மீது கோபம். இந்தியத் தூதரகத்தையே தாக்கினார்கள். செப்டம்பர் 4-ம் தேதி மைதானம் நிறைய எதிர்ப்புக் கூச்சல்.

தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் தையல். "அதனாலென்ன, முன்னால் போய் ஆடு" என்கிற மாதிரி ஃபார்வர்டாக அனுப்பினார் ரஹீம். பி.கே. பானர்ஜி ஒரு கோல், தையல் போட்ட தலையோடு ஜர்னைல் ஒரு கோல். 2-1. தங்கம்!

அந்தத் தங்கத்துக்குப் பிறகு அவருக்குக் கிடைத்தது ஒன்பது மாதம். 1963 ஜூன் 11-ல் காலமானார். பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியார் விருது ஆரம்பித்ததே 1985-ல்தான். அவரைப் பற்றி 'மைதான்' என்று இந்திப் படம் வந்தது 2024-ல். 61 வருஷம் லேட்!

ஆனால் அவர் வெட்டிக் கொடுத்த துணி நைந்து போகவில்லை. பி.கே. பானர்ஜி பின்னாளில் பெரிய கோச் ஆனார். 1970 பாங்காக்கில் வெண்கலம் வாங்கிய அணிக்குப் பயிற்சி கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் நம் ஆண்கள் அணி வாங்கிய கடைசிப் பதக்கம் அதுதான்.

ஷிப்மென்ட் டென்ஷன் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, நண்பர்களோடு மைதானத்துக்குப் போங்கள். இடது காலால் மட்டும் அரை மணி நேரம் ஆடிப் பாருங்கள். முதல் பத்து நிமிஷம் சிரிப்பு வரும். அப்புறம் ரஹீம் யார் என்று புரியும்.

காலேஜில் உங்களுக்குப் பந்து ஆடச் சொல்லிக் கொடுத்த பழைய பி.டி. சார் பக்கத்து ஊரில் இருந்தால், அவரையும் கூப்பிடுங்கள். வெறுங்கையோடு போகாதீர்கள். நம் ஊரில் டி-ஷர்ட்டுக்கா பஞ்சம்? முதுகில் அவர் பெயரை, சும்மா பெரிய எழுத்தில் அடித்துக் கொண்டு போங்கள்!