அண்ணாவியாரிடம் என்ன கேட்பது? கலைக்கல்விக்கான செவ்விக் காணொளி

கிழக்கிலங்கை முஸ்லிம்களின் களிகம்பாட்டம், பொல்லடி என்றும் சொல்வோம், ஏட்டில் அடங்காத கலை. நமது நாட்டார் கவிகளை எஸ்.எச்.எம். ஜெமீல் போன்றோர் தொகுத்து நூலாக்கித் தந்தனர். பாட்டை எழுதி வைக்கலாம். கம்பு விழும் கணக்கையும் கால் மாறும் விதத்தையும் எழுத்தில் பிடிக்க ஏலாது. அவை அண்ணாவியாரின் உடம்பில் இருக்கின்றன, அவரோடு போய்விடக்கூடியவை. ஆகவே, அழகியல் செயற்றிட்டத்துக்காகச் செவ்வி எடுக்கப் புறப்படும் என் மாணவர்களிடம் ஒன்றைத்தான் வற்புறுத்துவேன்: பார்ப்பவன் பழகக்கூடியதாகக் காணொளி இருக்க வேண்டும்.

முதலில் கேள்வி. "இந்தக் கலை எப்ப தொடங்கின?" என்று கேட்டால் மேடைப்பேச்சுத்தான் வரும். "அப்பா, முதல் நாள் உங்களுக்கு எந்த அடியப் பழக்கின? ஒருக்கா அடிச்சிக் காட்டுங்க" என்று கேட்டால் கை பேசத் தொடங்கும். 'ஓம்', 'இல்ல' என்று முடிந்துபோகும் கேள்விகள் வேண்டாம். பதில் முடிந்ததும் அடுத்த கேள்விக்குப் பாயாமல் மூன்று நான்கு விநாடி பொறுத்திருங்கள். விட்டுப்போனதை மூத்தவர்கள் அந்த இடைவெளியில்தான் சொல்வார்கள்.

அடுத்தது ஒலி. படம் சற்று மங்கினாலும் பாடம் நடக்கும்; சொல் கேட்காவிட்டால் நடக்காது. சட்டையில் குத்தும் சிறிய மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் கீழே, சால்வை உரசாத இடத்தில் குத்துங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். கம்படிக்கும் சத்தம் கூர்மையானது. கைபேசி அதற்கேற்பத் தானாகவே ஒலியளவைக் குறைத்துவிடும். பாட்டு அடியில் அமுங்கிப்போகும். எனவே பாட்டை மட்டும் ஒரு தடவையும், கம்போடு சேர்த்து இன்னொரு தடவையும் பதிவது நல்லது.

படத்தில் முகம் மட்டும் போதாது. கைபேசியைக் கிடையாக, முக்காலியில் வைத்து, தலை முதல் பாதம் வரை தெரியும்படி முழு ஆட்டத்தையும் வெட்டாமல் எடுங்கள். பிறகு அதே அடியை மெதுவாக ஆடச் சொல்லிக் கையை ஒரு தடவை, காலை ஒரு தடவை கிட்டத்தில் எடுங்கள். அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரம் வசதி. வெயில் தணிந்திருக்கும், தொழுகைக்கும் இடைஞ்சல் வராது. வெளிச்சம் அவருடைய முதுகுப் பக்கம் இருக்கக் கூடாது.

எடுப்பதற்கு முன்பே, இது எங்கே, யாருக்குக் காட்டப்படும் என்பதை விளக்கிச் சம்மதம் பெறுங்கள். வெட்டி ஒட்டிய பின் அவருக்கும் வீட்டாருக்கும் போட்டுக் காட்டுங்கள். அவர் வேண்டாமென்று சொல்லும் பகுதியை நீக்கிவிட வேண்டும். அவர் சம்மதித்த மூலப்பதிவை இரண்டு இடங்களில், ஊர், திகதி, அடியின் பெயர் எழுதி வையுங்கள். கைபேசியில் மட்டும் கிடப்பது கைபேசியோடு போய்விடும்.

வேலை சரியாக நடந்ததா என்று பார்க்க ஒரு வழி உண்டு. அண்ணாவியாரைக் கண்டிராத வேறொரு பாடசாலைப் பிள்ளைகளிடம் காணொளியையும் இரண்டு சோடிக் கம்பையும் கொடுங்கள். முதல் அடியை அவர்கள் பிடித்துக்கொண்டால் அது பாடம். பார்த்துவிட்டுக் கைதட்டினால் மட்டும் போதாது. திரும்பவும் போய்க் கேட்க வேண்டும், அவர் இருக்கும்போதே.