ஓய்வுக்கும் ஓர் அளவு உண்டு



நம் வீட்டு முதியவர் ஒருவர் மருத்துவமனையிலிருந்து திரும்பியதும், "எழுந்திருக்காதீங்க, படுத்தே இருங்க" என்கிறோம். சாப்பாடும் தண்ணீரும் கட்டிலுக்கே போகின்றன. அன்பினால்தான் இப்படிச் செய்கிறோம். ஆனால் அது அவருக்கு எப்போதும் நன்மை தருகிறதா என்று சற்றே சிந்திப்போம்.

1966ஆம் ஆண்டு அமெரிக்காவின் டாலஸ் நகரில், சுமார் 20 வதுடைய ஐந்து இளைஞர்கள் மருத்துவ ஆய்வு ஒன்றுக்காக மூன்று வாரங்கள் படுக்கையிலேயே இருந்தார்கள். கடுமையாக உழைக்கும்போது பிராணவாயுவைப் பயன்படுத்தும் அவர்களது உடல்திறன் கால் பங்குக்கு மேல் குறைந்துபோனது. 30 ஆண்டுகளுக்குப் பின், 1996இல், அதே ஐவரும் மீண்டும் பரிசோதிக்கப்பட்டார்கள். அந்த 30 ஆண்டுகளில் வயது குறைத்ததைவிட, மூன்று வாரப் படுக்கை குறைத்ததே அதிகம் என்று தெரியவந்தது!

இது ஏன்? பயன்படுத்தாத திறனை உடல் விட்டுவிடுகிறது. படுத்தே இருக்கும்போது இரத்தத்தின் அளவு குறைகிறது, ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் இரத்தமும் குறைகிறது, தசைகள் மெலிகின்றன. நடக்கத் தொடங்கினால், தசைகள் கூடுதல் பிராணவாயுவைக் கேட்கின்றன. இதயம் விரைந்து துடித்து அதைக் கொடுக்கிறது. நாள்தோறும் இப்படிச் செய்தால் தசைகளில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. இரத்தத்திலுள்ள சர்க்கரையையும் தசைகள் நன்கு எடுத்துக்கொள்கின்றன. பயிற்சிக்குப் பின்வரும் ஓய்வில் உடல் தன்னைச் சீர்செய்துகொள்கிறது. ஆக, ஓய்வும் தேவைதான். ஆனால் அது உழைப்புக்குத் துணையாக இருக்க வேண்டும்.

வயதானபின் பயன் உண்டா என்று நாம் கேட்கலாம். அந்த ஐவரும் 50 வயதில் ஆறு மாதங்கள் சிறிது சிறிதாகக் கூட்டிப் பயிற்சி செய்தபோது, வயதினால் இழந்த அந்தத் திறனைச் சராசரியாக முழுவதும் மீட்டுக்கொண்டார்கள்.

எலும்பு முறிவு, மாரடைப்பு, அறுவைச் சிகிச்சை போன்றவற்றுக்குப் பின் மருத்துவர் சொல்வதையே நாம் கேட்க வேண்டும். நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவ உதவி பெற வேண்டும். மருத்துவர் அனுமதித்த பின்பும் அவரைக் கட்டிலிலேயே வைத்திருக்க வேண்டாம். முதலில் எழுந்து உட்காரட்டும். பிறகு கையைப் பிடித்துத் திண்ணைவரை அழைத்துச் செல்வோம். நாளை வாசல்வரை போகலாம். சாப்பாட்டை நம்மோடு அமர்ந்து சாப்பிடட்டும்.

அவருக்குப் படுக்கை விரித்துக் கொடுத்த நம் கைகள், அவர் எழுந்து நடக்கவும் துணை நிற்கட்டும்.