சதுரங்கத் தேர்ச்சியும் பயிற்சியும்

சதுரங்கம், நுண்ணறிவு இயற்கையிலேயே வாய்க்கப்பெற்றோர்க்கு மட்டும் உரிய ஆட்டம் என்னும் எண்ணம் மாணவரிடை வேரூன்றியுள்ளது. இரண்டொரு தோல்வி கண்டவுடன், “இதற்கேற்ற மூளை எனக்கில்லை” என்று பலகையை மடித்துவைப்போர் பலர். வேறு சிலர் நாடோறும் ஆடுகின்றனர். எனினும் ஆண்டுகள் பல சென்றும் அவர்தம் ஆட்டம் நின்ற நிலையிலேயே நிற்கின்றது. முன்னையோர் பயிற்சியின் ஆற்றலை அறியார்; பின்னையோர் பயிற்சி யாதென்பதை அறியார். இவ்விரண்டனையும் ஈண்டு ஆராய்வாம்.

சதுரங்க வல்லோர் எவ்வாறு சிந்திக்கின்றனர் என்பதை ஆராய்ந்து, ஒல்லாந்து நாட்டு உளநூலறிஞர் அட்ரியான் டி குரூட் 1946ஆம் ஆண்டில் நூலொன்று வெளியிட்டார். வல்லோர் ஏனையோரினும் மிகப் பல நகர்வுகளை முன்னோக்கிக் கணிப்பர் என்பதே பொதுவான கருத்து. அவ்வேற்றுமை எதிர்பார்த்த அளவு பெரிதன்று என அவ்வாய்வு காட்டிற்று. ஆனால், ஆட்டமொன்றின் இடைநிலையைச் சில விநாடிகள் மட்டும் காட்டி மறைத்தபோது, வல்லோர் காய்களை ஏறக்குறையப் பிழையின்றி மீள அடுக்கினர். 1973இல் அமெரிக்க அறிஞர்களாகிய வில்லியம் சேஸ், ஹேர்பட் சைமன் இருவரும் இதனை மேலும் சோதித்தனர். காய்களை முறையின்றிப் பரப்பிக் காட்டியபோது, வல்லோனுடைய மேன்மை ஏறக்குறைய மறைந்துபோயிற்று. எனவே, அவனிடம் உள்ளது தனிப்பட்ட நினைவாற்றலன்று. பல்லாண்டுப் பயிற்சியால் உள்ளத்திற் சேர்ந்த வடிவங்களின் களஞ்சியமே. சிறுவன் எழுத்தெழுத்தாய்க் கூட்டிப் படிக்க, கற்றவன் சொல்லை ஒருங்கே காண்பதை இஃது ஒக்கும்.

இக்களஞ்சியம் வெறுமனே ஆடுவதால் நிரம்புவதில்லை. உருசிய நாட்டு மிகயீல் பொட்வின்னிக்கின் வரலாறு இதற்குச் சான்று. மின்பொறியியலாளராகவும் விளங்கிய அவர், 1948இல் உலக வாகை சூடினார். தாம் ஆடிய ஆட்டங்களுக்குத் தாமே விளக்கவுரை எழுதி வெளியிட்டு, பிறர் கண்டனத்துக்கு அவற்றை உட்படுத்துதல் அவர் வழக்கம். எதிரியின் புகையாற் கவனம் கலையாதிருத்தற்பொருட்டுப் புகையினிடையே பயிற்சி ஆட்டங்களும் ஆடினார். 1960இல், 23 வயதினரான மிகயீல் தால் 12½ - 8½ என்ற புள்ளிகளால் அவரை வென்றார். தாலின் மேதைமையை உலகம் வியந்து போற்றியது. மறு ஆண்டு நிகழ்ந்த மீள்போட்டியில், 49 வயதினரான பொட்வின்னிக் 13 - 8 எனத் தாலை வென்று பட்டத்தை மீட்டார். அதற்கு முன்னரும், 1957இல் ஸ்மிஸ்லோவிடம் இழந்த பட்டத்தை 1958இல் இவ்வாறே மீட்டிருந்தார். தோல்வியை அவர் பாடநூலாகக் கொண்டார் என்பது இதனாற் பெறப்படும்.

இனி, மாணவர் கைக்கொள்ளத்தக்க முறையைக் கூறுவாம். முதலாவது, ஆட்டம் ஒவ்வொன்றையும் குறித்துவைத்தல் வேண்டும். தோற்ற ஆட்டத்தை மறுநாள் மீள அடுக்கி, முதற்பிழை நேர்ந்த இடத்தையும் அதன் காரணத்தையும் எழுதுக. இரண்டாவது, இறுதியாட்டத்தை முதலிற் கற்க. கியூபா நாட்டு உலக வாகையாளர் கப்பபிளாங்கா 1921இல் வெளியிட்ட பாடநூல், சில காய்களே எஞ்சிய எளிய நிலைகளிலிருந்தே தொடங்குகின்றது. காய் குறைந்த பலகையிலேதான் ஒவ்வொரு காயின் ஆற்றலும் தெளிவாய்ப் புலப்படும். மூன்றாவது, நாளொன்றுக்கு அரைமணி நேரமேனும் புதிர்நிலைகளை, காயைத் தொடாது மனத்தால் விடுவித்துப் பழகுக. வாரத்தில் ஒருநாள் முழுதும் உழைப்பதினும் இது பயனுடைத்து. நான்காவது, தம்மினும் வல்லாரோடு ஆட அஞ்சாதிருத்தல் வேண்டும்.

இன்று கணினி சிறந்த நகர்வை நொடிப்பொழுதிற் காட்டிவிடுகின்றது. அஃது அரிய துணையே. எனினும், தானே தேடுமுன் அதனை நாடுபவன், நூலின் பின்பக்கத்தில் விடையைப் பார்த்துக் கணக்கெழுதும் மாணவனை ஒப்பான். விடை கிட்டும், கணிதம் கிட்டாது.

பயிற்சியுடையார் அனைவரும் உலக வாகை சூடுவர் என்பது நம் கருத்தன்று. இயற்கையாற்றலில் ஏற்றத்தாழ்வு உண்டு. ஆயினும், ஒருவனுடைய எல்லை எதுவென்பது முறையாகப் பயின்று பார்த்த பின்னரே புலனாகும். இரண்டொரு தோல்வி அதனைக் காட்டாது. ஆதலின், பலகையை மடிப்பதற்கு முன்னர், தோற்ற ஆட்டத்தை ஒருமுறை மீள அடுக்கி நோக்குதல் மாணவர் கடன். அவரை அருகிருந்து அவ்வாறு நோக்கச் செய்தல் ஆசிரியர் கடன்.