வேலி போட்டால் மட்டும் பிழைக்காத பூ

யூனானி மருந்துக் கடைகளில் சாலாமிசிரி என்று கேட்டால், காய்ந்து இறுகிய சிறு கிழங்குகளை எடுத்துத் தருவார்கள். உடம்பு தேற அதைப் பொடித்துப் பாலில் காய்ச்சிக் குடிக்கும் வழக்கம் நம் பெரியவர்களிடம் உண்டு. அரபியில் நரியைக் குறிக்கும் ‘ஸஃலப்’ என்ற சொல்லும், எகிப்து நாட்டைக் குறிக்கும் ‘மிஸ்ரீ’யும் சேர்ந்து வந்த பெயர் அது. (நரிக்கும் கிழங்குக்கும் என்ன உறவு என்பதைக் குடும்பத்தோடு படிக்கும் பக்கத்தில் விரிக்க வேண்டாம்.) துருக்கியில் இதே கிழங்கு மாவைப் பாலில் கலந்து ‘சாலெப்’ என்று குளிர்காலத்தில் சுடச்சுடக் குடிக்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டில் லண்டன் தெருக்களிலும் ‘சலூப்’ என்ற பெயரில் இது விற்றது.

இது ஒரே செடியின் கிழங்கு அல்ல. பல வகை ஆர்க்கிட் செடிகளிலிருந்து எடுக்கிறார்கள். அவற்றில் ஒன்று அனகாம்ப்டிஸ் மோரியோ. ஒரு சாண் உயரம், ஊதாப் பூக்கள், பூவின் மேல் கவிந்த இதழ்களில் பச்சைக் கோடுகள். அதனால் ஆங்கிலேயர் இதைப் பச்சைச் சிறகு ஆர்க்கிட் என்கிறார்கள். துருக்கியில் காட்டு ஆர்க்கிட்டுகள் குறைவதற்குக் கிழங்கு தோண்டுவது ஒரு பெரிய காரணம். ஒரு கிலோ மாவுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிழங்குகள் போகின்றன. இங்கிலாந்தில் இன்று இதை யாரும் தோண்டி விற்பதில்லை. அங்கேயும் இந்தப் பூ அருகிவிட்டது. ஏன்?

இது வாழ்ந்த இடம் வைக்கோல் புல்வெளி. குளிர்காலத் தீவனத்துக்காகப் புல்லை வளரவிட்டு, கோடையில் அறுத்து, காயவைத்துச் சேமிப்பார்கள். அறுத்த பிறகு மாடும் ஆடும் மேயும். நூற்றாண்டுகளாக இப்படியே நடந்தது. இரண்டாம் உலகப் போரில் உணவுத் தட்டுப்பாடு வந்ததும் அரசே புல்வெளிகளை உழச் சொன்னது. போருக்குப் பிறகு ரசாயன உரம் வந்தது. 1930களிலிருந்து 1984க்குள் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தாழ்நிலப் பழம் புல்வெளிகளில் 97 சதவீதம் போய்விட்டது.

உரம் போட்டால் பூ செழிக்கும் என்றுதான் நாம் நினைப்போம். இங்கே கதை நேர் எதிர். சத்துக் குறைந்த மண்தான் இந்த ஆர்க்கிட்டுக்கு ஏற்றது. உரம் விழுந்தால் முரட்டுப் புல் ஓங்கி வளர்ந்து வெயிலை மறைத்துவிடும். போட்ட பாஸ்பேட்டும் மண்ணைவிட்டு எளிதில் போவதில்லை. ஒரு முறை செய்த தவறு பல ஆண்டுகள் தொடரும்.

சரி, எஞ்சிய நிலத்துக்கு வேலி போட்டு அப்படியே விட்டுவிட்டால் போதாதா? போதாது. அறுக்காமல் விட்டால் புல் உயர்ந்து, மட்கி மண்ணில் சத்தாகச் சேரும். பின்பு புதர், அதன் பின் மரம். இந்தப் பூவுக்கு மனிதனின் அரிவாளும் மாட்டின் வாயும் தேவை. ஆனால் சரியான நேரத்தில் தேவை.

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை பூக்கும். பூவில் தேன் கிடையாது. வசந்தத்தில் புதிதாக வெளிவரும் பெரிய வண்டுத்தேனீக்கள் ஏமாந்து வந்து போவதால்தான் மகரந்தம் மாறுகிறது. ஏமாற்று வியாபாரம் என்பதால் பல பூக்கள் காய்க்காமலே போகும். காய்த்த கொஞ்சமும் முற்றி வெடிக்கும் முன் புல்லை அறுத்தால் அந்த ஆண்டு விதை இல்லை. பதப்படுத்திய பசுந்தீவனத்துக்காக மே மாதமே அறுக்கும் இன்றைய பண்ணை முறை செய்வது அதைத்தான். ஆகவே பராமரிப்பவர்கள் ஜூலை நடுப்பகுதி வரை பொறுத்து அறுக்கிறார்கள். அறுத்த புல்லை அங்கேயே போடாமல் அள்ளிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

அடுத்தது மேய்ச்சல். இந்தச் செடி இலையுதிர் காலத்திலேயே இலை விட்டு, குளிர்காலம் முழுக்கப் பசுமையாகத் தரையோடு கிடக்கும். அப்போது சேர்க்கும் சத்துதான் அடுத்த கிழங்கு. சுற்றியுள்ள புல் குட்டையாக இருந்தால்தான் வெயில் இலைக்கு எட்டும். எனவே அறுவடைக்குப் பின் மாடுகளை விட்டு, வசந்தத்தில் பூத்தண்டு எழும் முன் வெளியேற்றுகிறார்கள். லெஸ்டர்ஷயர் மாவட்டத்து மஸ்டன் புல்வெளியில் இப்படிப் பேணியதால் ஆயிரக்கணக்கில் இவை இன்றும் பூக்கின்றன.

இழந்த இடங்களை மீட்கவும் முயல்கிறார்கள். இன்றைய மன்னர் சார்லஸ் இளவரசராக இருந்தபோது 2013இல் தொடங்கிய திட்டத்தில், பழைய புல்வெளியில் அறுத்த பச்சை வைக்கோலை விதைகளோடு புதிய நிலத்தில் பரப்பினார்கள். புல்லின் வேரிலிருந்தே சத்தை உறிஞ்சி அதன் கொட்டத்தை அடக்கும் மஞ்சள் நிறப் பூச்செடி ஒன்றும் இத்தகைய நிலங்களில் உதவுகிறது. ஆர்க்கிட் மட்டும் அவசரப்படுவதில்லை. தூசி போன்ற அதன் விதையில் உணவுச் சேமிப்பே கிடையாது. மண்ணில் அதற்கேற்ற பூஞ்சை கிடைத்து ஊட்டினால்தான் முளைக்கும். அதன் பிறகும் முதல் பூவைப் பார்க்கப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.