கொலாபாவின் காந்தப் பேரேடு

2024 மே 10ஆம் நாள் இரவு, லடாக்கின் ஹான்லே வானியல் ஆய்வகத்தின் படக்கருவிகளில் அடிவானம் செந்நிறமாகப் பதிவாயிற்று. கதிரவனிலிருந்து கிளம்பிய மின்னூட்டத் துகள் திரள்கள் புவியின் காந்தப்புலத்தை உலுக்கியபோது எழுந்த ஒளி அது. மாட்டுங்காவிலோ செம்பூரிலோ தாராவியிலோ மொட்டைமாடியில் நின்று பார்த்தால் இத்தகைய ஒளி நமக்கும் தென்படுமா என்ற ஆவல் இயல்பானதே.

ஒருமுறை தென்பட்டிருக்கிறது. 1872 பிப்ரவரி 4ஆம் நாள் எழுந்த பெரும் புவிக்காந்தப் புயலின்போது, பம்பாய் வானில் துருவ ஒளி காணப்பட்டதாக அந்நாளைய செய்தித்தாள் குறித்துள்ளது. வழக்கமாக வடதுருவத்தைச் சுற்றியே நிற்கும் ஒளிவளையம், மிகப் பெரும் புயல்களில் மட்டுமே தெற்கு நோக்கி இவ்வளவு தொலைவு விரிகிறது.

அன்று வானம் மட்டும் மாறவில்லை. பம்பாயையும் ஏடனையும் இணைத்த கடலடித் தந்தித் தொடர்பு பல மணி நேரம் தடைப்பட்டது. காந்தப்புலம் விரைந்து மாறும்போது, நீண்ட கம்பிகளில் வேண்டாத மின்னோட்டம் தூண்டப்படுகிறது. அக்கம்பி 1870இல்தான் அமைக்கப்பட்டிருந்தது. வணிகர்களின் விலைச் செய்திகள் அதன் வழியே சென்றுவந்த காலம் அது. இதே காரணத்தால் 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக் மாகாணத்தில் சுமார் 60 இலட்சம் மக்கள் 9 மணி நேரம் மின்சாரமின்றித் தவித்தனர்.

ஆனால், இத்துறைக்கு நம் நகரம் அளித்த பெருங்கொடை கண்ணால் கண்ட காட்சியன்று. கையால் எழுதிய கணக்கு. 1826இல் நிறுவப்பட்ட கொலாபா ஆய்வகத்தில் 1841 முதல் காந்த அளவீடுகள் குறிக்கப்பட்டு வந்தன. 1859 செப்டம்பர் 2 அன்று, வரலாறு அறிந்த மிகப் பெரும் புயல்களுள் ஒன்று புவியைத் தாக்கியது. ஐரோப்பிய ஆய்வகங்கள் சிலவற்றில் தானியங்கிக் கருவியின் கோடு, தாளின் விளிம்பைத் தாண்டி வெளியேறிவிட்டது. கொலாபாவிலோ, பணியாளர்கள் அளவுகோலைக் கண்ணால் பார்த்து எண்களைக் குறித்துக்கொண்டே இருந்தனர். காந்தப்புலம் ஏறத்தாழ 1,600 நானோடெஸ்லா வீழ்ந்ததை அவ்வேடுகள் காட்டுகின்றன. அப்புயலின் வலிமையைக் கணிக்க முனையும் இன்றைய அறிவியலாளர்களுக்கு அதுவே முதன்மைச் சான்று.

இந்தக் கணக்குக்கு ஒருமுறை ஆபத்து நேர்ந்தது. பம்பாயில் மின்சார டிராம் ஓடத் தொடங்கினால், அதன் மின்னோட்டம் அளவீடுகளைக் கெடுத்துவிடும். ஆய்வகத்தின் முதல் இந்திய இயக்குநரான நானாபாய் மூஸ் இதை முன்னரே உணர்ந்து, அலிபாகில் காந்தமற்ற பொருள்களால் கட்டடம் எழுப்பச் செய்தார். 1904 முதல் 1906 வரை இரண்டு இடங்களிலும் ஒரே வேளையில் அளவீடுகள் எடுக்கப்பட்டன. இரண்டையும் ஒப்புநோக்கி உறுதிசெய்த பின்னரே கொலாபாவின் காந்தக் கணக்கு முடிக்கப்பட்டது. கையேடுகளிலிருந்து கணினிக்கு வங்கிகள் மாறியபோது, பழைய பேரேட்டையும் புதிய முறையையும் சில காலம் இணையாக நடத்திச் சரிபார்த்ததை நம் மூத்த வாடிக்கையாளர்கள் அறிவர். முந்தைய இருப்பு சரியாகக் கொண்டுவரப்படாத கணக்கை எவரும் நம்புவதில்லை.

அன்றைய தந்தியைப் போலவே, இன்றைய பணப் பரிமாற்றமும் மின்வலையமைப்பையும் தொலைத்தொடர்பையும் நம்பியுள்ளது. சிற்றூர்களின் ஏடிஎம்கள் பல செயற்கைக்கோள் வழியே இணைந்துள்ளன. மாபெரும் புயல் ஒன்று வந்தால் இவை எவ்வளவு தாங்கும் என்று கணிக்க, இதற்குமுன் வந்த புயலின் அளவு தெரிந்தாக வேண்டும். பன்வேலைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் அலிபாகிலும், நம் திருநெல்வேலியிலும் இப்பணியைத் தொடர்கிறது. புவியிலிருந்து 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில், ஆதித்யா எல்1 விண்கலம் 2024 ஜனவரி முதல் கதிரவனைக் கண்காணித்து வருகிறது.

புவிக்காந்தப் புயல் தரையிலுள்ள நம் உடலுக்குத் தீங்கு செய்வதில்லை, அச்சம் வேண்டா. ஆயினும், எக்காரணத்தால் தொடர்பு தடைப்பட்டாலும், பணம் சென்றதா என ஐயம் எழுந்தால் மறுபடியும் அனுப்ப விரைதல் கூடாது. முதலில் கணக்கறிக்கையைப் பார்த்து உறுதிசெய்துகொள்வோம். அவசரத் தேவைக்குச் சிறிது ரொக்கமும் கையிருப்பில் வைத்திருப்போம்.