படகின் அடியில் எதைப் பூசுவது?

இங்கிலாந்தின் கால்வாய்களில் உருக்குப் படகையே வீடாகக் கொண்டு வாழும் குடும்பங்கள் பல உள்ளன. 18ஆம் நூற்றாண்டில் நிலக்கரியும் பிற சரக்கும் ஏற்றுவதற்கென வெட்டத் தொடங்கிய கால்வாய்கள் அவை. அன்று கரையில் நடந்த குதிரைகள் மரப்படகுகளை இழுத்தன. இன்று அங்கே மிதப்பவை பெரும்பாலும் ஏழடி அகலமான ஒடுங்கிய உருக்குப் படகுகள். அடித்தகடு 10 மில்லிமீற்றர், பக்கத்தகடு 6 மில்லிமீற்றர் தடிப்பில் கட்டுவது இப்போதைய வழக்கம்.

அந்த ஆறு மில்லிமீற்றருக்கு அப்பால் தண்ணீர்; இப்பால் அடுப்பும் படுக்கையும் பிள்ளைகளும். தகடு 4 மில்லிமீற்றருக்குக் கீழே தேய்ந்துவிட்டால் காப்புறுதி பெறுவது கடினமாகிறது. பிறகு தகட்டின்மேல் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். அந்தச் செலவோடு பார்த்தால் பூச்சுக்கான செலவு சிறியது.

வேலிக்கு நட்ட இரும்புக்கட்டை நிலமட்டத்தில் முதலில் இற்றுப்போவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். படகிலும் அப்படித்தான். நீரும் காற்றும் சந்திக்கும் நீர்மட்டக் கோட்டை அண்டியே துரு கடுமையாகத் தாக்குகிறது.

பலரும் பூசுவது பிற்றுமன் என்னும் கரிய பூச்சு. விலை குறைவு, உரிமையாளரே தூரிகையாலோ உருளையாலோ பூசலாம், பழைய பிற்றுமன்மேலும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் அது மென்மையானது. நீர்க்கதவுகளின் கற்சுவரில் உரசினால் உரிந்துவிடும். தண்ணீரில் மிதக்கும் டீசலும் அதைக் கரைக்கும். ஆகவே இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை படகைக் கரையேற்றிப் பூசியாக வேண்டும்.

மற்றது எப்பொக்சி. இரண்டு தகரத்தில் வரும். இரண்டையும் சரியான அளவில் கலந்து, இறுகுவதற்குமுன் பூசி முடிக்க வேண்டும். குளிரிலும் ஈரத்திலும் சரிவராது. நன்றாகச் செய்தால் பிற்றுமனைவிடப் பல ஆண்டுகள் கூடுதலாக நிற்கும். ஆனால் பழைய பிற்றுமன்மேல் எப்பொக்சி நிற்காது. மணல் போன்ற துகள்களைக் காற்றழுத்தத்தால் அடித்துத் தகட்டை வெறும் உருக்காக்கவேண்டும். செலவின் பெரும்பங்கு அந்த வேலைக்கே போகிறது, பூச்சுக்கல்ல. துருவின்மேல் பூசிய விலையுயர்ந்த எப்பொக்சியைவிட, சுத்தமான தகட்டில் பூசிய மலிவான பிற்றுமன் மேல் என்பதே எமது கருத்து.

புதுப்படகு கட்டுவோர் தொடக்கத்திலேயே எப்பொக்சி பூசுவது நல்லது. தகடு அப்போது வெறுமையாகவே இருக்கிறது. பலமுறை பிற்றுமன் கண்ட பழைய படகும், இறுக்கமான வருமானமும் உள்ள குடும்பம் பிற்றுமனையே தொடரலாம், தவணை தவறாவிட்டால். தவணையைப் பிற்போடுவதுதான் தகட்டைத் தின்கிறது.

பூச்சு மட்டும் போதாது. உருக்குக்குப் பதிலாகத் தான் கரைந்துபோகும் மக்னீசியக் கட்டிகளைப் படகின் பக்கங்களில் பொருத்துவார்கள். நன்னீருக்கு மக்னீசியம், கடல்நீருக்கு நாகம். இக்கட்டிகளின்மேல் பூச்சுப் படவே கூடாது. பட்டால் அவை வேலை செய்யா. கரையிலிருந்து மின்சாரம் எடுக்கும் படகில் இன்னொரு ஆபத்து உண்டு. நிலத்தொடுப்புக் கம்பி பக்கத்துப் படகுகளோடு இதனை இணைத்துவிடுவதால், அதன்வழி ஓடும் சிறு மின்னோட்டம் கட்டிகளை விரைவில் கரைத்து, பின் தகட்டையும் அரிக்கும். இதைத் தடுக்கும் சிறு கருவி ஒன்றை அந்தக் கம்பியில் பொருத்திக்கொள்கிறார்கள்.

படகு கரையேறியதும், பாசி காய்ந்து இறுகுமுன் அன்றே அழுத்தநீரால் கழுவவேண்டும். தகட்டின் தடிப்பை மீயொலிக் கருவியால் அளப்பிக்க உகந்த வேளையும் அதுவே, புதிய பூச்சு குழிகளை மூடிவிடுமுன்.