டிரக்குகளில் கூடுதல் விளக்குகள் பொருத்துதல்: சட்டமும் பாதுகாப்பும்

ஆல்பனியிலிருந்து கோட்ஸ்வில், ரிவர்ஹெட் நோக்கிச் செல்லும் ஊரகச் சாலைகளில் பல இடங்கள் இரவில் இருளடைந்தே இருக்கின்றன. எனவே டிரக், யூட் வைத்திருப்போர் முன்புறத்தில் கூடுதல் விளக்குகளைப் பொருத்த விரும்புவது இயல்பே. முறையாக இணைக்கப்பட்ட விளக்கு வழியைத் தெளிவாகக் காட்டும். தவறாக இணைக்கப்பட்டதோ எதிரே வருபவரின் கண்களைக் கூசச் செய்யும். கம்பி சூடேறி வாகனம் தீப்பற்றவும் கூடும்.

கடற்கரையும் சாலையே

நியூசிலாந்தின் 1998ஆம் ஆண்டு நிலப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, ‘சாலை’ என்னும் சொல் கடற்கரையையும் உள்ளடக்கும். ஆகவே, சாலைக்கு வெளியே மட்டும் பயன்படுத்துவதற்கென விற்கப்படும் விளக்குகளை முரிவாய் கடற்கரையில் தடையின்றி எரிக்கலாம் எனக் கருதுவது சரியன்று. அங்கு வாகனம் ஓட்ட ஆக்லாந்து மாநகராட்சியின் அனுமதிச் சீட்டும் தேவை.

விளக்குகளின் வகை, பொருத்தும் முறை ஆகியவற்றை 2004ஆம் ஆண்டு வாகன விளக்கு விதி வரையறுக்கிறது. தகுதிச் சான்றுக்கான ஆய்வில் விளக்குகளும் சோதிக்கப்படும். 3,500 கிலோவுக்கு மேற்பட்ட கனரக வாகனங்களுக்கு வேறு வகைத் தகுதிச் சான்று உண்டு. விளக்கை வாங்கும் முன்பே, அது தங்கள் வாகனத்திற்கு ஏற்றதா என ஆய்வு நிலையத்தில் கேட்டறிவது நன்று.

ரிலே ஏன் தேவை?

55 வாட் ஹாலஜன் விளக்குகள் இரண்டு சேர்ந்து 110 வாட். 12 வோல்ட் பேட்டரியில் இவை ஏறத்தாழ 9 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். இவ்வளவு மின்னோட்டம் ஓட்டுநர் அருகிலுள்ள சிறிய சுவிட்ச் வழியே நேரடியாகச் சென்றால் அது சூடேறிப் பழுதாகலாம். ரிலே இருந்தால், சுவிட்ச் வழியே மிகச் சிறிய மின்னோட்டமே செல்லும். பெரிய மின்னோட்டத்தை ரிலே தாங்கிக்கொள்ளும்.

வழக்கமான ரிலேயில் நான்கு முனைகள் உண்டு:

• 30: பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும் கம்பி
• 87: விளக்குகளுக்குச் செல்லும் கம்பி
• 86: சுவிட்சிலிருந்து வரும் கம்பி
• 85: வாகனச் சட்டத்துடன் இணையும் எர்த் கம்பி

சுவிட்சுக்கான மின்சாரத்தை ஹைபீம் சுற்றிலிருந்து எடுப்பது நலம். அவ்வாறு செய்தால், எதிரே வாகனம் வரும்போது ஹைபீமைத் தாழ்த்தியவுடன் கூடுதல் விளக்குகளும் தாமாகவே அணையும். சில வாகனங்களில் ஹைபீம் சுற்று எர்த் பக்கத்தில் கட்டுப்படுத்தப்படுகிறது. புதிய வாகனங்கள் பலவற்றில் அதைக் கணினி கட்டுப்படுத்துகிறது. இத்தகைய வாகனங்களின் கம்பியை வெட்டி இணைத்தல் கூடாது.

ஃபியூசும் கம்பியின் பருமனும்

ஃபியூஸ் காப்பது விளக்கை அன்று, கம்பியை. ஆதலால் அதைப் பேட்டரிக்கு மிக அருகில் வைக்க வேண்டும். பேட்டரிக்கும் ஃபியூசுக்கும் இடைப்பட்ட கம்பிக்குப் பாதுகாப்பே இல்லை. மேற்கண்ட விளக்குகளுக்கு 15 ஆம்பியர் ஃபியூஸ் போதுமானது.

கம்பி மெலிந்திருந்தால் ஒளி மங்கும். போக 3 மீட்டரும் வர 3 மீட்டரும் கொண்ட சுற்றில், 1 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியில் ஏறத்தாழ 1 வோல்ட் இழப்பாகும். 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் அது 0.4 வோல்ட்டாகக் குறையும். 24 வோல்ட் டிரக்கில் அதே வாட் திறனுக்கு மின்னோட்டம் பாதியே. ஆயினும் விளக்கும் ரிலேயும் 24 வோல்ட்டுக்கு உரியனவாக இருத்தல் வேண்டும்.

பணியின்போது

• முதலில் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றவும்.
• எர்த் இணைக்கும் இடத்தில் வண்ணப்பூச்சையும் துருவையும் சுரண்டி நீக்கவும்.
• தகட்டின் துளை வழியே கம்பி செல்லும் இடத்தில் ரப்பர் வளையம் இடவும்.
• சைலன்சர் குழாய், சுழலும் பாகங்கள் ஆகியவற்றிலிருந்து கம்பியை விலக்கிக் கட்டவும்.
• ஃபியூஸ் அடிக்கடி எரிந்தால், அதைவிடப் பெரிய ஃபியூசை இடாமல் பழுதைக் கண்டறியவும்.

ஐயம் இருப்பின் வாகன மின்பணியாளரிடம் பணியை ஒப்படைக்கவும். பொருத்திய பின், இருட்டிய வேளையில் சமதளத்தில் வாகனத்தை நிறுத்தி, ஹைபீமைத் தாழ்த்தும்போது கூடுதல் விளக்குகள் அணைகின்றனவா என உறுதிசெய்த பின்னரே சாலையில் ஓட்டவும்.